புதியதைப் பழையதாக்கிய பட்டறை

குளிர்பதன வாயு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போட்டுத் தரும் உறுதிமொழிப் படிவத்தில் 'எந்தப் பயன்பாட்டுக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. வாயு விற்கிற வேலையில் இருக்கிற நீங்கள் இன்று அதைக் கணினியில் நிரப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள். விதிகள் புதிதாக வந்தபோது, புனே ஏரவாடாவில் ஐஸ் ஃபாக்டரி வைத்திருந்த ஒருவர் அந்தக் கட்டத்தில் 'பிழைப்புக்கு' என்று எழுதிக் கொடுத்தார். இன்னொருவர் கையெழுத்தே போட மாட்டேன் என்று அடம்பிடித்தார். படிவத்தின் தலைப்பில் 'ஓசோன் படலத்தைச் சிதைக்கும் பொருள்' என்று அச்சடித்திருந்தது அவர் கண்ணில் பட்டுவிட்டது. வானத்தில் ஓட்டை விழுந்தால் கையெழுத்துப் போட்டவனைத்தானே முதலில் பிடிப்பார்கள் என்பது அவர் கேள்வி. அவரைச் சமாதானப்படுத்திக் கையெழுத்து வாங்குவதற்குள் என் சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

ஓய்வு பெற்றவள் பேச ஆரம்பித்தால் நீங்கள் மேஜைக்கு அடியில் கைபேசியைப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் விதிகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவை புத்தகத்தில் இருக்கின்றன. இப்போது நீங்கள் விற்கிற வாயுக்கள் ஓசோனை ஒன்றும் செய்யாது, பூமியைத்தான் சூடாக்கும் என்கிறார்கள். அதற்கும் உரிமம், அதற்கும் அறிக்கை. வாயு மாறியிருக்கிறது, வாங்க வருகிற மனிதர்கள் மாறவில்லை. அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி கசார்வாடியில் பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. ஒரு பக்கம் லேத் பட்டறை, மறுபக்கம் டயர் கடை. முன்னால் அலுவலகம், பின்னால் சிலிண்டர் கிடங்கு. என் அப்பா ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனேதான். கல்யாணமாகி சாங்விக்குப் போன பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், டைப் அடிக்கிற வேலைக்கு அங்கே சேர்ந்தேன். முதலாளி தேஷ்பாண்டே சாஹேப். நல்ல மனிதர், குரல் மட்டும் பெரிது.

இரண்டாயிரம் வாக்கில் புதிய விதிகள் வந்தன. சாஹேப் அந்த அரசிதழ்ப் பிரதியை மேஜைமேல் போட்டு, இதை முழுசாகப் படித்தது யார் என்று கேட்டார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நான் படித்திருந்தேன். அப்படித்தான் நான் கம்பெனியில் விதிகளுக்குப் பொறுப்பான அதிகாரி ஆனேன். கடைசிப் பக்கம் வரை படித்தவள் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. அன்றிலிருந்து கம்பெனியில் எல்லோரும் என்னை 'வசந்தா தாயி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மராட்டியில் தாயி என்றால் அக்கா. என் அம்மாவுக்கு அது பிடிபடவே இல்லை. இந்த வயதிலேயே இவளை எல்லோருக்கும் தாயாக்கிவிட்டார்களே என்று கடைசிவரை வருத்தப்பட்டாள்.

இந்தக் கதைக்கு வேண்டிய விதி ஒன்றே ஒன்றுதான். ஆர்-12 என்று ஒரு வாயு. பழைய ஃப்ரிட்ஜ், ஐஸ்கிரீம் பெட்டி, பால் குளிரூட்டி எல்லாவற்றிலும் அதுதான் ஓடியது. ஓசோனைத் தின்கிற வாயு என்பதால் அதன் உற்பத்தியை நாடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தது. ஒரு கட்டத்தில், புதிய இயந்திரங்களில் அதை நிரப்பக் கூடாது, ஏற்கனவே ஓடுகிற பழைய இயந்திரங்களைப் பழுதுபார்க்க மட்டும் தரலாம் என்று ஆனது. வாங்குகிறவர் பதிவு செய்திருக்க வேண்டும், எதற்கென்று எழுதித் தர வேண்டும். விற்கிற நாங்கள் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இவ்வளவுதான்.

ஜக்தாப் என்று ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஆளந்தி சாலையில் பால் பண்ணை, பழைய பால் குளிரூட்டி ஒன்று, அதைப் பழுதுபார்க்க ஆர்-12 வேண்டும் என்று பதிவு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். ஒவ்வொரு முறையும் பேடா கொண்டுவருவார். எங்கள் எருமைப் பாலில் செய்தது என்பார். பெட்டியில் டவுன் கடையின் பெயர் அச்சடித்திருக்கும். அதை நாங்கள் யாரும் அப்போது யோசிக்கவில்லை, வாயில் பேடா இருந்தது.

அவர் தருகிற படிவத்தைப் போல் சுத்தமான படிவம் எங்களிடம் வேறு இல்லை. மற்றவர்கள் படிவத்தில் டீக் கறை இருக்கும், கட்டம் மாறிக் கையெழுத்து இருக்கும், தேதிக்குப் பதில் கிழமை இருக்கும். ஜக்தாப்பின் படிவத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாம். சாஹேப் அதைத்தான் மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டினார். ஒரு பிசிறும் இல்லாத படிவத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அறிக்கை தட்டச்சு செய்யும்போதுதான் முதலில் உறுத்தியது. ஒரு சின்னப் பால் குளிரூட்டி முழுக்கக் காலியாகி, முழுக்க நிரம்பி, மறுபடி காலியானால் ஒழிய அவ்வளவு வாயு செலவாகாது. ஜக்தாப்பிடம் கேட்டேன். கசிவு என்றார். பழைய இயந்திரம் வயசானவர்களைப் போல எங்கெங்கோ கசியும் தாயி என்று அவர் சிரித்ததில் நானும் சிரித்துவிட்டேன். அறிக்கை போயிற்று. அடுத்த அறிக்கையில் கசிவு இன்னும் கூடியிருந்தது. அந்த அளவுக்குக் கசிந்திருந்தால் பண்ணை எருமைகள் விறைத்துப்போயிருக்க வேண்டும். சாஹேபிடம் சொன்னேன். கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, நமக்கென்ன என்றார்.

தசரா முடிந்த சமயம். கிடங்கில் மிச்சமிருந்த ஆர்-12 முழுவதையும் தனக்கே தரும்படி ஜக்தாப் கேட்டார். சாஹேபும் சரி என்றுவிட்டு, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு மும்பை கிளம்பிப் போனார். லாரி வரும், படிவத்தை வாங்கிக்கொண்டு ஏற்றி அனுப்பு என்பது எனக்குக் கட்டளை.

லாரி வருவதற்கு முன்னால் வேறொருவர் வந்தார். ஓர் ஆஸ்பத்திரியின் மெக்கானிக். அவர்களுடைய ரத்த வங்கியில் ஒரு பழைய குளிர்ப்பெட்டி நின்றுபோயிருந்தது. ரத்தப் பைகளை ஐஸ் போட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் அங்கேயும் இடம் இல்லை, சீக்கிரம் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்களாம். அவருக்கு வேண்டியது ஒரு சின்ன சிலிண்டர். எல்லாம் வேறொருவருக்குப் பேசியாகிவிட்டது என்று சொன்னேன். அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அனுப்பியிருப்பேன். அவர் தலையாட்டிவிட்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். போகவில்லை.

பின்னாலேயே லாரி வந்து நின்றது. டிரைவர் படிவத்தை நீட்டினார். ஒரு பிழை இல்லை.

எங்கள் டெம்போ ஓட்டுகிறவன் செல்வம். ஏரவாடாவில் பிறந்தவன், வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். தமிழில் ஆரம்பித்து, இந்தியில் திரும்பி, மராட்டியில் கொண்டுபோய் நிறுத்துவான். கிடங்குச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"ஏத்திடலாமா அக்கா? காடி ரோட்டுக்குக் குறுக்க நிக்குது. டயர் கடைக்காரன் கிர்கிர் பண்றான், ஒரே நச்சரிப்பு."

பெஞ்சில் இருந்தவரைப் பார்த்தேன். லாரி டிரைவரிடம் டீ சாப்பிட்டுக்கொண்டிருக்கச் சொன்னேன். செல்வத்திடம் சின்ன சிலிண்டர் ஒன்றையும் நிரப்புகிற குழாயையும் டெம்போவில் வைக்கச் சொன்னேன். எங்கே என்று கேட்டான். ஆளந்தி சாலைக்கு, எருமை பார்க்க என்றேன். ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து அதற்குமேல் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

பண்ணை என்று சொல்லப்பட்ட இடத்தில் எருமைகள் இருந்தன. இரண்டு. ஜக்தாப் வீட்டில் இல்லை. அவர் மனைவி இருந்தார். கையில் ஃபைலோடு நான் இறங்கியதும், கால்நடைக் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்து நேராக எருமைகளிடம் கூட்டிக்கொண்டு போய், ஒன்றின் வாயைத் திறந்து பல்லைக் காட்டினார். பார்த்துத் தலையாட்டினேன். அவ்வளவு மரியாதையாகக் காட்டும்போது எப்படி மறுப்பது? பிறகு, பால் குளிரூட்டும் மெஷினைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. கையால் உருவம் காட்டினேன்.

"அதுவா?" என்று சிரித்தார்.

தொழுவத்துக்குப் பின்னால் வெயிலில் ஒரு ஸ்டீல் தொட்டி கிடந்தது. நம் ஊரில் ஆயுத பூஜைக்குப் போடுவதுபோல் அதற்கும் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள், பூ காய்ந்துபோயிருந்தது. அந்த அம்மா மூடியைத் தூக்கினார். உள்ளேயிருந்து ஒரு கோழி சிறகடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. செல்வம் என் பின்னால் ஒளிந்துகொண்டான். பிறகு மெல்ல வந்து, குனிந்து, தொட்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"கம்ப்ரஸர் இல்லக்கா. மோட்டாரும் இல்ல. முட்டைதான் இருக்குது."

இதில் பாலைக் குளிரவைப்பதில்லையா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். மராட்டியில் நடந்த பேச்சு, நம் தமிழில் சொல்கிறேன். "ரெண்டு எருமைப் பாலை எதுக்குக் குளிர வைக்கணும்? கறந்த சூடு ஆறுறதுக்குள்ள வித்துப்போயிடுது. இதை இவர் பழைய இரும்புக்காரன்கிட்ட வாங்கிட்டு வந்தாரு. சும்மா கிடக்குதேன்னு நான்தான் கோழியை விட்டேன்."

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே யாரோ எதையோ தேய்க்கிற சத்தம். அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டேன். போய்ப் பாருங்களேன் என்றார் அந்த அம்மா. ஒளிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

கொட்டகைக்குள் ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் புத்தம் புதியவை, வெள்ளைப் பெயின்ட் பளபளத்தது. ஒருவர் அந்தப் பளபளப்பின்மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் கீல்களில் உப்புத் தண்ணீரையும் டீ டிகாக்ஷனையும் கலந்து தடவித் துரு வரவழைத்துக்கொண்டிருந்தார். மூன்றாமவர் பழைய வருஷம் பொறித்த தகடுகளை அவற்றில் திருகிப் பொருத்திக்கொண்டிருந்தார். எனக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. ஊரில் எல்லோரும் பழையதற்குப் பெயின்ட் அடித்துப் புதியது என்று விற்பார்கள். ஜக்தாப் பட்டறையில் புதியதைப் பாடுபட்டுப் பழையதாக்கிக்கொண்டிருந்தார்கள். புதிய பெட்டியில் ஆர்-12 நிரப்பக் கூடாது அல்லவா? அதனால் அது பிறக்கும்போதே கிழடாகப் பிறந்தது.

உப்புத்தாள் வைத்திருந்தவர் என்னைப் பெட்டி வாங்க வந்தவள் என்று நினைத்துவிட்டார். வேலை முடிந்த ஒரு பெட்டியைக் கைக்குட்டையால் துடைத்துக் காட்டி, பல வருஷம் உழைத்த பெட்டி மாதிரி இருக்கிறதா என்று கேட்டார். உண்மையைத்தான் சொன்னேன். அவ்வளவு பழைய பெட்டியை நான் பார்த்ததே இல்லை. அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

செல்வம் ஒரு மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க வூட்டு ஃப்ரிட்ஜே இதவிடப் புதுசா இருக்குதுக்கா" என்றான்.

யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும், ஜக்தாப் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எங்களைப் பார்த்து முகம் வெளுத்தது. ஆனால் மரியாதை குறையவில்லை. நாற்காலி போடச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொன்னார். பிறகு அவருடைய நியாயத்தை எடுத்து வைத்தார். பெட்டியில் வாயு நிரப்புகிற அந்த ஒரு நிமிஷம்தான் தாயி அது புதுப் பெட்டி, மறுநாள் அது நேற்றைய பெட்டிதானே, நேற்றைய பெட்டி என்றால் பழைய பெட்டிதானே என்றார். இந்த வாதத்தை நான் பிறகு எத்தனையோ கூட்டங்களில், எத்தனையோ பெரிய மனிதர்கள் வாயால், நல்ல ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறேன். முதலில் கேட்டது எருமைத் தொழுவத்தில்.

எனக்கு ஒரு பெட்டி இலவசமாகத் தருவதாகவும் சொன்னார். எந்த வருஷத்துப் பெட்டி வேண்டுமோ அந்த வருஷத்துத் தகடு போட்டுத் தருவாராம்.

நான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. புது வாயுவுக்கு மாறிப் பார்த்ததாகச் சொன்னார். அதற்கு எண்ணெய் வேறு, பம்ப் வேறு, சுத்தம் வேறு. சொல்லித்தர ஆள் இல்லை. தெரியாமல் நிரப்பி அனுப்பிய பெட்டிகளெல்லாம் கோடை நடுவில் நின்றுபோய், ஐஸ்கிரீம் வண்டிக்காரர்கள் உருகிய பாலோடு வாசலில் வந்து நின்றார்களாம்.

"இந்தக் கொட்டகையில வேலை செய்யற எல்லாரும் எங்க தாலுகாக்காரங்க தாயி. மூடிட்டா நான் எந்த மூஞ்சியோட ஊர்ப் பக்கம் போவேன்?"

அவரைத் திட்டுவதற்காக நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களெல்லாம் அதற்குமேல் வரவில்லை. ஆனாலும் வாசல் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். லாரி நின்றிருந்தது. ஏதாவது ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். பொய் என்று அவரிடம் சொன்னால் சண்டை வரும், சண்டை வந்தால் அவர் சாஹேபுக்குப் போன் போடுவார், சாஹேப் எனக்குப் போன் போடுவார், லாரியில் சரக்கு ஏறிவிடும். அதனால் அவர் எழுதிக் கொடுத்ததை அப்படியே நம்புவது என்று முடிவு செய்தேன்.

"நீங்க எழுதிக் குடுத்த பால் மெஷினுக்குக் கேஸ் தர்றோம். செல்வம் சிலிண்டர் கொண்டாந்திருக்கான். எங்க ஆளே நிரப்பிக் குடுத்துடுவான், இப்பவே" என்றேன்.

செல்வம் நிஜமாகவே குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு தொட்டியை நோக்கி நடந்தான். மோர் கொண்டுவந்த அந்த அம்மா அவனைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

"கோழிக்கு எதுக்குங்க கேஸ்?"

கம்ப்ரஸர் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று ஜக்தாப் முணுமுணுத்தார். வந்ததும் சொல்லியனுப்புங்கள், நாங்களே வந்து நிரப்புகிறோம் என்று சொல்லி மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம். நல்ல மோர்.

கசார்வாடிக்குத் திரும்பி லாரியைக் காலியாக அனுப்பினேன். பெஞ்சில் இருந்தவருக்குச் சின்ன சிலிண்டரைக் கொடுத்தேன். அவரும் ஒரு படிவம் நிரப்பினார். அதில் தப்பும் அடித்தலும் திருத்தலுமாக இருந்தது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

சற்று நேரத்தில் சாஹேபிடமிருந்து போன். பின்னால் கல்யாண பேண்டு வாசிக்கிறது, அதையும் தாண்டி அவர் குரல் கேட்கிறது. லாரியை ஏன் திருப்பி அனுப்பினாய், படிவத்தில் என்ன தவறு என்று கேட்டார்.

"ஃபாரம் சரியாத்தான் இருக்கு சாஹேப். கோழிதான் சரியா இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் பேண்டு மட்டும் கேட்டது. பிறகு சாஹேப், "எந்தக் கோழி?" என்றார்.

அவர் புனே திரும்பியதும் அறைக்குக் கூப்பிட்டார். நடந்ததை முழுசாகச் சொன்னேன். உப்புத்தாள்காரரைப் பற்றிச் சொல்லும்போது அவரும் சிரித்துவிட்டார். இனிமேல் ஜக்தாப்புக்கு ஒரு துளி கூடத் தராதே என்றார். அதில் எங்களுக்குள் சண்டை இல்லை. ஏற்கனவே அனுப்பிய அறிக்கைகளை என்ன செய்வது என்று நான் கேட்டபோதுதான் அவர் சிரிப்பு நின்றது.

போனது போகட்டும், அதைக் கிளறாதே என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. நாமே போய்ச் சொன்னால் பதிவை ரத்து செய்யலாம். பதிவு போனால் கிடங்கு மூடும், கிடங்கு மூடினால் செல்வத்திலிருந்து எல்லோரும் தெருவுக்கு. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலை அப்போது கதவடைத்திருந்தது. வீட்டில் ஓடுகிற சம்பளம் என்னுடையது ஒன்றுதான். பேசாமல் இருப்பதற்கு எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, உங்களுக்கும் ஒருநாள் எல்லாக் காரணமும் இருக்கும்.

"நேத்து வரைக்கும் அது ஜக்தாப் சொன்ன பொய் சாஹேப். இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே பேசாம இருந்தா அது நம்ம பொய்" என்றேன்.

அவர் எழுந்து கிடங்குக்குள் போய் சிலிண்டர்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அன்றைக்கு முதல் முறையாக மெதுவாகப் பேசினார். வண்டியை எடுக்கச் சொல் என்றார்.

அது எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். அதிகாரி கூர்மையான, களைத்துப்போன மனிதர். எங்கள் அறிக்கை தவறு, திருத்த வந்திருக்கிறோம் என்று சொன்னதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உங்கள்மேல் யாராவது புகார் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை. சோதனைக்கு வந்தார்களா? இல்லை. பங்காளிச் சண்டையா? இல்லை. பிறகு எதை மறைக்க இதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். சாஹேபுக்கு வேர்த்துவிட்டது. தானாக வந்து தன் அறிக்கை தவறு என்று சொன்ன ஆளை அந்த அலுவலகம் பார்த்ததில்லை. குமாஸ்தா ஒருவர் உதவிக்கு வந்து, திருத்தத்துக்கு அறிக்கையில் கட்டமே கிடையாதே சார் என்றார். அதிகாரி ஏதோ தப்பித்துக்கொண்டவர்போல அவரைப் பார்த்தார்.

பிறகுதான் எங்கள் திருத்தம் எதுவரை போகும் என்பது அவருக்குப் புரிந்தது. எங்களைப் போன்றவர்களின் கணக்கையெல்லாம் கூட்டி, தன் பகுதியில் ஒரு விதிமீறலும் இல்லை என்று எழுதி அவர் தில்லிக்கு அனுப்பிவிட்டார். நல்ல பெயரும் கிடைத்திருந்தது. நாங்கள் திருத்தினால் அவரும் திருத்த வேண்டும். பேனாவை மூடினார், திறந்தார். சாஹேப் என்னைப் பார்த்தார். சற்று முன் கம்பெனியில் சாஹேபின் முகம் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது எதிரே இருந்த முகமும்.

கடைசியில் அதிகாரி எழுந்தார். நேரில் பார்க்காமல் எதையும் எழுத மாட்டேன் என்றார். அவர் அலுவலக ஜீப் ரிப்பேரில் இருந்தது, எங்கள் டெம்போவில்தான் போனோம். முன்சீட்டில் அதிகாரியும் நானும். தேஷ்பாண்டே சாஹேப் பின்னால் காலி சிலிண்டர்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள் யாரும் எதிரில் வந்துவிடக் கூடாது என்று குனிந்தே வந்தார்.

எங்களைப் பார்த்ததும் ஜக்தாப் தன்னைப் பிடித்துப்போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, வீட்டுக்குள் போய் ஒரு பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டு வந்து நின்றார். அதிகாரி ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்தார், தகடுகளைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். தகடு போடாத பெட்டிகளையும் போட்டவற்றையும் விற்கக் கூடாது என்று கொட்டகைக்கு முத்திரை வைத்தார். பிறகு ஜக்தாப்பைப் பார்த்து, புது வாயுவுக்கு மாறப் பயிற்சி நடக்கிறதே, சின்னப் பட்டறைக்காரர்களுக்குக் கருவியும் கிடைக்கிறதே, அதற்கு ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே ஜக்தாப்புக்குத் தெரியாது. பயிற்சிக்கு இடம் காலியாகக் கிடந்தது. ஏனென்றால் இந்தப் பகுதியில் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்றுதான் அறிக்கைகள் சொல்லிக்கொண்டிருந்தன.

ஜக்தாப் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே நின்று பெயர் கொடுத்தார். அபராதம் கட்டினார், அந்தக் கோடை வியாபாரத்தை இழந்தார், அதற்கடுத்த கோடையில் புது வாயுவோடு பெட்டி செய்தார். பெட்டி நின்றுபோகவில்லை. கொட்டகையில் இருந்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். உப்புத்தாள்காரருக்கு மட்டும் வேலை கொஞ்சம் சலித்துப்போனதாகச் செல்வம் சொன்னான். எங்களுக்கு எச்சரிக்கை ஒன்று வந்தது, பதிவு தப்பியது. அதற்குப் பிறகு எங்கள் கிடங்குக்குத்தான் அடிக்கடி சோதனை வந்தது. மற்ற வியாபாரிகள் சாஹேபைக் கேலி செய்தார்கள். அவர் என்னைத் திட்டினார். ஆனால் வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை.

திருத்தப்பட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட, கொட்டகைக்கு முத்திரை வைத்த அந்த வாரமே அதிகாரியிடம் மறுபடி போனேன். அவர் தில்லிக்கு எழுத வேண்டிய கடிதத்தைக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். மேஜையில் கசங்கிய தாள்கள். என்னை உட்காரச் சொல்லி, ஆங்கிலம் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று தாளை நகர்த்தினார். 'கவனத்துக்கு வந்துள்ளது' என்று ஆரம்பித்து அடித்திருந்தார். 'தெரியவருகிறது' என்று எழுதி அதையும் அடித்திருந்தார். யார் பார்த்தார்கள், யாருக்குத் தெரிந்தது என்று சொல்லாமல் எழுதத்தான் நம் அலுவலகங்களில் எத்தனை வழிகள்.

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு எல்லா அடித்தலுக்கும் கீழே ஒரே வரி எழுதி என்னிடம் காட்டினார்.

'நான் நேரில் போய்ப் பார்த்தேன்.'

அரசாங்கக் கடிதம் ஒன்றில் 'நான்' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஆங்கிலம் சரியாக இருக்கிறது சார் என்று சொன்னேன். அவர் அதற்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினார்.